ரசீது கையில், மூட்டை எங்கே?

கீழ்பென்னாத்தூரில் எங்கள் தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பெங்களூரில் மென்பொருள் பணியில் இருக்கிறார். பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தவர், ஒரு சிக்கலோடு என்னைத் தேடி வந்தார். மூன்று ஆண்டுகளாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிச் சேர்த்த ஈதர் என்னும் கிரிப்டோ நாணயத்தை, செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்றின் பொறுப்பில் விட்டிருக்கிறார். கடன் சந்தை ஒன்றில் வட்டிக்கு விடுவதற்காக, 'என் ஈதரை உறையிட்டு வை' என்று அதற்கு ஒரு வரி எழுதினார். முகவர் சில நொடிகளில் வேலையை முடித்துவிட்டது. ஒரு துளிகூட மிச்சம் வைக்காமல் முழுவதையும் உறையிட்டுவிட்டது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

உறையைப் பிரித்து ஈதரைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் கட்டணம் செலுத்த வேண்டும். அந்தக் கட்டணத்தை உறையிடாத ஈதரில்தான் செலுத்த முடியும். அதுதான் அவரிடம் இல்லை. கையிலிருந்த காசு முழுவதையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, பெட்டகத்துக்குப் போகப் பேருந்துக் கட்டணம் இல்லாமல் நிற்பவரின் நிலைதான். பரிவர்த்தனை நிலையம் ஒன்றில் புதிதாகக் கொஞ்சம் ஈதர் வாங்கி, அதைக் கட்டணமாகச் செலுத்தி மீட்டுக்கொண்டார். நட்டம் பெரிதில்லை. 'ஒண்ணு கொடுத்தா ஒண்ணு வருது பெரியப்பா, இதுல என்ன தப்பு வரும்னு நெனச்சேன்' என்றார். அவர் என்னிடம் கேட்க வந்தது வேறு கேள்வி: இந்த உறையிடுதலை வருமான வரிக் கணக்கில் விற்பனையாகக் காட்ட வேண்டுமா? அந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

நான் கூட்டுறவு வங்கியில் பணியாற்றியவன். பொருளீட்டுக் கடன் கொடுத்துப் பழகியவன். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லப்படும் நிலக்கடலையும் நெல்லும்தான் பெரும்பாலும் ஈடாக வரும். அறுவடைக் காலத்தில் விலை சரிந்திருக்கும். அந்த விலைக்கு விற்க மனமில்லாத விவசாயி, மூட்டைகளைக் கிடங்கில் அடுக்கிவிட்டு ரசீது பெறுவார். அதன் பிறகு மூட்டை நகராது, ரசீது நகரும். அதை ஈடாக வைத்துச் சரக்கின் மதிப்பில் முக்கால் பங்கு வரை கடன் வாங்கலாம். விலை ஏறியதும் கடனை அடைத்து, ரசீதைக் கொடுத்து மூட்டையை மீட்டுக்கொள்ளலாம்.

கிரிப்டோ உலகில் 'ராப்டு டோக்கன்' எனப்படும் உறையிட்ட நாணயமும் அத்தகைய ஒரு ரசீதுதான். அதன் தேவை ஒரு விபத்தால் வந்தது. எத்திரியம் வலைப்பின்னல் 2015 ஜூலையில் தொடங்கியபோது அதன் தாய் நாணயமாக ஈதர் பிறந்தது. அதே ஆண்டு நவம்பரில்தான், அந்த வலைப்பின்னலில் உருவாகும் மற்ற நாணயங்கள் எல்லாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற பொது விதி முன்மொழியப்பட்டது. இஆர்சி-20 என்பது அதன் பெயர். பின்னர் வந்த கடன் சந்தைகளும் பரிமாற்றச் சந்தைகளும் அந்த விதியை நம்பியே எழுதப்பட்டன. விதிக்கு முன் பிறந்த ஈதர் மட்டும் அதற்கு உட்படாமல் வெளியே நின்றது. ஆகவே ஈதரை ஒரு நிரலில் பூட்டி, அதற்கு ஈடாக ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில், விதிக்கு உட்பட்ட இன்னொரு நாணயத்தைத் தருகிறார்கள். திருப்பிக் கொடுத்தால் பூட்டிய ஈதர் வெளியே வரும்.

இன்று பரவலாகப் பயன்படும் அந்த நிரல் 2017 டிசம்பரில் நிறுவப்பட்டது. மிகச் சிறியது. அதற்கு மேலாளர் இல்லை. நடுவில் மாற்றி எழுதும் அதிகாரம் யாருக்கும் இல்லை. உள்ளே எவ்வளவு ஈதர் இருக்கிறது, வெளியே எவ்வளவு ரசீது இருக்கிறது என்பதை எவரும் எந்நேரமும் பார்க்கலாம். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் பரிவர்த்தனை நிலையம் சரிந்த பீதியில் எல்லோரும் இருந்தபோது, உறையிட்ட ஈதரும் திவாலாகப்போகிறது என்று சில குறும்பர்கள் வதந்தி கிளப்பினார்கள். விஷயம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள்; தெரியாதவர்கள் பலர் நம்பிக் கலங்கினார்கள்.

இந்த எளிமையை எல்லா உறைகளுக்கும் பொருத்திப் பார்ப்பதில்தான் தவறு தொடங்குகிறது. பிட்காயினை எத்திரியத்தில் உறையிட வேண்டுமானால் நிரலால் மட்டும் முடியாது. பிட்காயின் இருப்பது வேறு வலைப்பின்னலில். அதை ஒரு காப்பாளர் வாங்கி வைத்துக்கொண்டு இங்கே ரசீது தர வேண்டும். 2019 ஜனவரியில் அறிமுகமான உறையிட்ட பிட்காயினுக்கு பிட்கோ என்ற அமெரிக்க நிறுவனம் காப்பாளராக இருந்தது. 2024 ஆகஸ்டில் அந்தப் பொறுப்பை, ஜஸ்டின் சன்னுடன் தொடர்புள்ள ஹாங்காங் நிறுவனம் ஒன்றுடன் பகிர்ந்துகொள்ளப்போவதாக பிட்கோ அறிவித்ததும் சந்தையில் சலசலப்பு எழுந்தது. அதே ஆண்டின் இறுதியில் காயின்பேஸ் அந்த நாணயத்தைத் தன் வர்த்தகப் பட்டியலிலிருந்து நீக்கியது. நிரலில் ஒரு எழுத்தும் மாறவில்லை. கிடங்குக்காரர் மாறுகிறார் என்பதே கவலைக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு வலைப்பின்னலின் நாணயத்தை இன்னொன்றில் ரசீதாகக் கொடுக்கும் 'பாலங்கள்' நிலைமை இன்னும் மோசம். 2022 பிப்ரவரி 2-ஆம் தேதி வோர்ம்ஹோல் என்ற பாலத்தில், கையொப்பச் சரிபார்ப்பில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்த ஒருவர், ஈதரைப் பூட்டாமலேயே 1,20,000 உறையிட்ட ஈதரை சொலானா வலைப்பின்னலில் அச்சடித்துக்கொண்டார். அன்றைய மதிப்பில் சுமார் 32 கோடி டாலர். பாலத்துக்குப் பின்னால் இருந்த ஜம்ப் நிறுவனம் தன் கைப்பணத்தைப் போட்டு ஈடுகட்டியதால் ரசீது வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். அப்படி ஒரு புரவலர் எல்லாப் பாலங்களுக்கும் இருப்பதில்லை.

சரக்கில்லாத ரசீது நமக்குப் புதிதல்ல. 2013 ஜூலை 31 அன்று மும்பையின் தேசிய ஸ்பாட் எக்ஸ்சேஞ்ச் தன் வர்த்தகத்தைத் திடீரென நிறுத்தியபோது சுமார் 13,000 முதலீட்டாளர்களின் ரூ.5,600 கோடி சிக்கிக்கொண்டது. கிடங்கில் நெல், சர்க்கரை, ஆமணக்கு இருப்பதாக ரசீதுகள் சொல்லின. திறந்து பார்த்தபோது சரக்கு இல்லை, இருந்த இடத்தில் போதவில்லை. அந்தச் செய்தியைப் படித்த நாளில் என் நினைவுக்கு வந்தது எங்கள் வங்கியின் பழைய மேலாளர் கையில் எப்போதும் இருக்கும் குத்தூசி. ரசீது எவ்வளவு அழகாக இருந்தாலும், கிடங்குக்குப் போய், நடுவரிசையில் ஒரு மூட்டையில் குத்தூசியை விட்டு, உள்ளே இருப்பதை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்காமல் அவர் கடன் தாளில் கையெழுத்திட்டதில்லை. மேல்வரிசை மூட்டைகளைக் குத்திப் பார்ப்பவர்களை அவர் மதித்ததும் இல்லை.

இப்போது அந்தக் குத்தூசியை யாரிடம் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. 2024 நவம்பரில் காயின்பேஸ் நிறுவனம், செயற்கை நுண்ணறிவு முகவர்களின் கையில் கிரிப்டோ பணப்பையைக் கொடுப்பதற்கான கருவித் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. நாணயம் அனுப்புவது, மாற்றுவது போன்றவற்றோடு ஈதரை உறையிடுவதும் அதில் ஒரு கருவி. இதுபோன்ற வேறு தொகுப்புகளும் உள்ளன. மொழி மாதிரி ஒன்று நம் வாக்கியத்தைப் படிக்கிறது. தன்னிடமுள்ள கருவிகளின் விளக்கங்களைப் படிக்கிறது. எது பொருந்தும் என்று ஊகித்து, தொகையை நிரப்பி இயக்கிவிடுகிறது. சில கருவிகளில் தொகையை ஈதராக அல்ல, வெய் என்னும் நுண்ணிய அலகில் நிரப்ப வேண்டும். ஒன்றுக்குப் பின்னால் 18 சுழியங்கள் சேர்ந்தால்தான் ஒரு ஈதர். சுழியம் எண்ணுவதில் மொழி மாதிரிகளுக்கு உள்ள தடுமாற்றத்தை, அவற்றைப் பயன்படுத்தும் எவரும் ஒரு முறையாவது கண்டிருப்பார்கள்.

அந்த இளைஞரின் முகவர் சொன்னதைத்தான் செய்தது. ஒரு கடைக் கணக்குப்பிள்ளையாக இருந்தால் 'எல்லாத்தையுமா? சில்லறை கொஞ்சம் வெளியே இருக்கட்டுமா?' என்று ஒரு சொல் கேட்டிருப்பார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் நாம் அவருக்குச் சம்பளம் கொடுத்தோம் என்பது அவர் இல்லாதபோது தெரிகிறது.

இதைவிடக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. உறையிடாத ஈதரை உங்கள் பணப்பையிலிருந்து வேறொருவர் எடுக்க முடியாது. நீங்கள்தான் அனுப்ப வேண்டும். உறையிட்ட பிறகு அது இஆர்சி-20 விதிக்கு உட்படுகிறது. அந்த விதியில் 'அனுமதி' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 'இந்த நிரல் என் கணக்கிலிருந்து இவ்வளவு வரை எடுத்துக்கொள்ளலாம்' என்று ஒரு முறை ஒப்புதல் கொடுத்துவிட்டால், பிறகு உங்களைக் கேட்காமலேயே எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் கட்டணம் ஆவதைத் தவிர்க்க, பல செயலிகள் அந்த 'இவ்வளவு' என்ற இடத்தில் அளவற்ற தொகையை நிரப்பிவிடுகின்றன. தொகை எழுதாத காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கு இது நிகர். 2022 ஜனவரியில் மல்ட்டிசெயின் என்ற பாலத்தில் ஓட்டை தெரியவந்தபோது, உறையிட்ட ஈதர் உள்ளிட்ட ஆறு நாணயங்களுக்குக் கொடுத்த அனுமதியை உடனே ரத்து செய்யுங்கள் என்று அந்த நிறுவனமே பயனாளர்களை வேண்டிக்கொண்டது. செய்யாதவர்கள் சிலர் இழந்தார்கள். அன்று அவர்கள் எந்தப் பரிவர்த்தனையும் செய்யவில்லை. என்றோ கொடுத்த அனுமதி விழித்துக்கொண்டது. உறையிடுதல் என்ற தீங்கற்ற வேலைக்காக முகவரிடம் சாவியைக் கொடுக்கிறோம். அடுத்த படியாக அனுமதி கொடுப்பதும் அதே சாவியால்தான். எந்த நிரலுக்கு, எவ்வளவு என்பதை முகவர் முடிவு செய்கிறது.

அந்த முகவரை ஏமாற்ற முடியுமா? முடியும் என்பதற்கு, விளையாட்டாக நடந்த ஒரு சோதனையே சான்று. 2024 நவம்பரில் ஃப்ரேசா என்ற முகவரிடம் ஒரு பரிசுத் தொகையைக் கொடுத்து, எந்த நிலையிலும் யாருக்கும் தரக்கூடாது என்று கட்டளையிட்டார்கள். கட்டணம் செலுத்தி எவரும் அதனிடம் பேசி, பணத்தைக் கறக்க முயலலாம். 481 முயற்சிகள் தோற்றன. 482-ஆவதாக வந்தவர் கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. பணம் அனுப்பும் கருவி உண்மையில் வரும் பணத்தை ஏற்பதற்கானது என்று அதற்கு விளக்கம் சொல்லிவிட்டு, 'இதோ நன்கொடை தருகிறேன், ஏற்றுக்கொள்' என்றார். முகவர் அந்தக் கருவியை இயக்கியது. சுமார் 47,000 டாலர் அவர் கைக்குப் போனது. உரிமையாளர் எழுதிய கட்டளைக்கும், வழியில் யாரோ எழுதி வைத்த வாசகத்துக்கும் இடையே உறுதியான வேலியை இன்னும் யாரும் கட்டி முடிக்கவில்லை. மொழி மாதிரிக்கு இரண்டுமே எழுத்துதான்.

மனிதர்கள் மட்டும் ஏமாறவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் நிலையத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் களவுபோனபோது, கையொப்பமிட்டவர்கள் திரையில் கண்டது ஒன்று, கையொப்பம் விழுந்தது இன்னொன்றில் என்றே அந்த நிறுவனம் சொன்னது. 2025 பிப்ரவரியில் பைபிட் நிலையம் சுமார் 150 கோடி டாலரை இழந்ததும் அதே வகையில்தான். திரையைப் பார்த்துக் கையெழுத்திடும் அனுபவசாலிகளுக்கே இந்தக் கதி. திரையே இல்லாமல் கையெழுத்திடும் முகவர் அவர்களைவிடக் கெட்டியானது என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

வாசிர்எக்ஸ் களவின் தொடர்ச்சியாகத்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் முக்கியமான உத்தரவு 2025 அக்டோபரில் வந்தது. முதலீட்டாளர் ஒருவர் வாங்கி வைத்திருந்த 3,532 எக்ஸ்ஆர்பி நாணயங்கள் முடக்கப்பட்டிருந்தன. களவுபோனவை இஆர்சி-20 வகை நாணயங்கள். அவருடையவை அந்த வகையே அல்ல. ஆனாலும் நட்டத்தை எல்லாப் பயனாளர்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்ற திட்டம் சிங்கப்பூர் நீதிமன்றம் வழியாகக் கொண்டுவரப்பட்டது. நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் தொட்டறியக்கூடிய பொருளும் அல்ல, செலாவணியும் அல்ல. ஆனால் உடைமையாக வைத்திருக்கவும் அனுபவிக்கவும், மற்றவர் பொறுப்பில் நம்பி ஒப்படைக்கவும் தக்க சொத்து என்று கூறி, மனுதாரருக்கு இடைக்காலப் பாதுகாப்பு அளித்தார். என் மூட்டை எது, அடுத்தவர் மூட்டை எது என்று பிரித்துப் பார்த்த உத்தரவு அது. வரவேற்கத்தக்கது.

சொத்து என்று ஆன பின், அதை முகவர் தொலைத்தால் யார் பொறுப்பு? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகவர் என்பவர் ஒரு 'நபர்'. 182-ஆவது பிரிவு அப்படித்தான் தொடங்குகிறது. 184-ஆவது பிரிவு இன்னும் சுவையானது: மைனரையும் முகவராக வைத்துக்கொள்ளலாம், அவர் செய்தது வெளியாரிடம் உங்களைக் கட்டுப்படுத்தும், ஆனால் நட்டத்துக்கு அவரை உங்களிடம் பதில் சொல்ல வைக்க முடியாது. செயற்கை நுண்ணறிவு முகவர் நபரே அல்ல என்பதால் இந்தப் பிரிவுகள் நேரடியாகப் பொருந்தா. ஆனால் அதை ஏவுபவரின் நிலை, மைனரை முகவராக்கியவரின் நிலைதான். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதற்கு ஏற்கெனவே வழி வகுத்திருக்கிறது. அதன் 11-ஆவது பிரிவின்படி, ஒருவர் தாமாகவோ அவர் சார்பிலோ நிரலாக்கப்பட்டுத் தானாக இயங்கும் கணினி அமைப்பு அனுப்பும் மின்னணுப் பதிவு, அவரே அனுப்பியதாகக் கொள்ளப்படும். 'நான் சொல்லவில்லை, அதுவாகச் செய்தது' என்பது எளிதில் எடுபடாது.

வங்கிக் கணக்கில் இப்படி நடந்தால் ஒரு பிடிமானம் இருக்கிறது. வாடிக்கையாளரோ வங்கியோ தவறு செய்யாமல் மூன்றாம் நபரால் பணம் பறிபோனால், மூன்று வேலை நாள்களுக்குள் புகார் அளித்தவருக்கு நட்டம் இல்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. யுபிஐ உலகிலும் முகவர்கள் வந்துகொண்டிருக்கின்றன. 2025 அக்டோபரில் என்பிசிஐ, ரேசர்பே, ஓப்பன்ஏஐ நிறுவனங்கள் சேர்ந்து முன்னோட்டம் அறிவித்தன. ஆனால் அங்கே பணம் கொடுப்பவர் முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கி வைக்கிறார். அதற்கு மேல் முகவரின் கை நீளாது. பெரும் பணப் புழக்கத்துக்கு இந்த வேலியைப் போடத் தெரிந்த நாம், கிரிப்டோவை 'உன் பாடு' என்று விட்டிருக்கிறோம். 30 சதவீத வரியை மட்டும் தவறாமல் வாங்குகிறோம்.

கிரிப்டோ என்றாலே மோசடி என்று சொல்லி இந்த இளைஞர்களைத் திட்டி அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆருத்ரா கோல்டு டிரேடிங் வழக்கில் சுமார் ஒரு லட்சம் பேரிடம் ரூ.2,438 கோடி திரட்டப்பட்டது என்கிறது பொருளாதாரக் குற்றப்பிரிவு. பணம் போட்டவர்களில் எங்கள் மாவட்டத்தவரும் உண்டு. அவர்களை இழுத்தது மாதத்துக்கு இவ்வளவு என்ற வாக்குறுதி. உறையிடும் நிரல் எந்த வாக்குறுதியும் தருவதில்லை. ஆனால் ஆருத்ராவில் பணம் போட்டவர்களுக்குத் திரண்டு நிற்க ஓர் அலுவலக வாசலாவது இருந்தது.

இனி வரிக் கேள்வி. 2022-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி கிரிப்டோ சொத்து கைமாறும்போது கிடைக்கும் ஆதாயத்துக்கு 30 சதவீத வரி. ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் ஆதாயத்தில் கழிக்க முடியாது. கைமாற்றத்தின்போது 1 சதவீதம் பிடித்தம் வேறு. ஒரு கிரிப்டோவைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதும் கைமாற்றம்தான். ஈதரைக் கொடுத்து உறையிட்ட ஈதரை வாங்குவது அப்படிப்பட்ட பரிமாற்றமா, அல்லது கிடங்கில் மூட்டை வைத்து ரசீது வாங்குவதா? பரிமாற்றம் என்றால், மூன்று ஆண்டுகளுக்கு முன் குறைந்த விலைக்கு வாங்கியவர் உறையிட்ட நொடியிலேயே, கையில் ஒரு ரூபாயும் வராமல், முழு ஆதாயத்துக்கும் வரி கட்ட வேண்டும். கிடங்கில் மல்லாட்டை வைத்தவரிடம் விற்பனை வரி கேட்பது போன்றது அது. முகவரோ ஒரு நாளில் பல முறை உறையிட்டுப் பிரிக்கக்கூடியது. ஒவ்வொன்றும் ஒரு கைமாற்றம் என்றால் கணக்கு எழுதவே இன்னொரு முகவர் வேண்டும். சட்டத்தில் உறையிடுதல் என்ற சொல்லே இல்லை. அதே சொத்தை அதே அளவில் திரும்பப் பெறும் உரிமையுடன் உறையிடுவது கைமாற்றமாகாது என்று நேரடி வரிகள் வாரியம் ஒரு பத்தியில் தெளிவுபடுத்தலாம். காப்பாளர் நடுவில் இருக்கும் உறைகளுக்கு வேறு விதி வைக்கட்டும். அங்கே உண்மையிலேயே பொறுப்பு கைமாறுகிறது. முகவர் கருவிகளை இந்தியப் பயனாளர்களுக்குத் தரும் நிறுவனங்கள், தொகை வரம்பையும் அளவற்ற அனுமதிக்குத் தடையையும் தொடக்கத்திலேயே பூட்டித் தர வேண்டும் என்பதும் அரசு கேட்கக்கூடாத கோரிக்கை அல்ல.

இளைஞரிடம் நான் சொன்னவை எல்லாம் பழைய வங்கி வழக்கங்கள். முகவருக்குத் தனிப் பணப்பை. அதில் போனாலும் தாங்கக்கூடிய தொகை மட்டும். கட்டணத்துக்கான ஈதர் எப்போதும் உறைக்கு வெளியே. உறையிட்ட ஈதரை உறையிடும் நிரலின் முகவரிக்கே சாதாரணமாக அனுப்பினால் அது திரும்பி வராது. பலர் அப்படி இழந்திருக்கிறார்கள். அந்த முகவரிக்கு அனுப்பும் வசதியையே முகவரிடமிருந்து எடுத்துவிட வேண்டும். பழைய அனுமதிகளை மாதம் ஒரு முறை பார்த்து ரத்து செய்ய வேண்டும். அவர் அங்கேயே உட்கார்ந்து கைப்பேசியில் தேடினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கொடுத்த அளவற்ற அனுமதிகள் நான்கு இருந்தன. அவற்றில் இரண்டு எந்தச் செயலிக்குக் கொடுத்தவை என்று அவருக்கே நினைவில்லை. நான்கையும் ரத்து செய்தார்.

வரிக் கணக்கில் என்ன எழுதுவது என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. ஜூலைக்குள் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.